‘இங்கு ஐ ட்ரிபிள் இ புராஜெக்ட் கிடைக்கும்!’

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். வடபழனி, தி.நகர், கோவை காந்திபுரம் என்று பொறியியல் மாணவர்கள் இறங்கி ஏறும் இடங்களில் எல்லாம் மாடிப்படி ஓரத்து ஃபிளெக்ஸ் போர்டுகள் புதுசாகிவிடும். ‘ஐ ட்ரிபிள் இ புராஜெக்ட்ஸ் கிடைக்கும்.’ அதன் கீழே பைத்தான், மெஷின் லேர்னிங், பிளாக்செயின், ஐ.ஓ.டி. என்று டொமைன் பட்டியல். அதற்கும் கீழே இரண்டு கைப்பேசி எண்கள். மாடி ஏறினால், ஹோட்டலில் மெனு கார்டு தருகிற மாதிரி ‘டைட்டில் லிஸ்ட்’ ஒன்றைக் கையில் தருவார்கள். பேஸ் பேப்பர், கோடு, ரிப்போர்ட், பி.பி.டி., வைவாவில் என்ன கேட்பார்கள் என்கிற குறிப்பு, எல்லாம் சேர்த்து ஒரு விலை. நான்கு பேர் கொண்ட பேட்ச் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என் வீட்டுப் பரணிலும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் ஒன்று கிடக்கிறது. நூலக மேலாண்மை மென்பொருள். முன்னால் விஷுவல் பேசிக், பின்னால் எம்.எஸ். ஆக்சஸ். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு போட்டு வாங்கினோம். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஒரே புத்தகத்துக்கு ரெண்டு காப்பி இருந்தா இது எப்படிப் பிரிச்சுப் பார்க்கும்?” நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கும் தெரியவில்லை, அந்த மென்பொருளுக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையில் வேடிக்கை, போர்டில் இருக்கும் அந்தப் பெயர்தான். ஐ ட்ரிபிள் இ என்பது ஏதோ ஒரு ‘பிராண்டு’ என்றுதான் பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு தொழில்முறைச் சங்கம். மின்சாரம், மின்னணு, கணினித் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் சந்தா கட்டிச் சேரும் அமைப்பு. மாடிப்படி போர்டுகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதன் இதழ்களிலும் மாநாடுகளிலும் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதற்குக் கோடு எழுதிக் கொடுத்தால் அது ‘ஐ ட்ரிபிள் இ புராஜெக்ட்’. அவ்வளவுதான் சங்கதி.

அதே சங்கம், மாணவர்கள் தாங்களே செய்யும் புராஜெக்ட்டுக்குப் பணம் கொடுக்கிறது. ஒரே பெயரைச் சொல்லி ஒருவர் காசு வாங்குகிறார், இன்னொருவர் காசு கொடுக்கிறார். நம் பிள்ளைகளுக்கு முதல் விலாசம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

சந்தாக்காரர்களின் பணம்

1884-ல் அமெரிக்காவில் மின்பொறியாளர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் பின்னாளில் அதற்குத் தலைவராக இருந்தார். 1912-ல் வானொலிப் பொறியாளர்கள் தனியே ஒன்று கண்டார்கள். 1963-ல் இரண்டும் இணைந்ததுதான் ஐ.இ.இ.இ., அதாவது நம் போர்டுகளின் ‘ஐ ட்ரிபிள் இ’. இன்று உலகம் முழுக்க நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அமெரிக்காவுக்கு அடுத்து அதிக உறுப்பினர்கள் இந்தியாவில்தான். கணினிக்காரர்களுக்கென்று அதற்குள்ளேயே ‘கம்ப்யூட்டர் சொசைட்டி’ இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு ‘மெட்ராஸ் செக்‌ஷன்’. ஊர் பெயர் மாறியும் செக்‌ஷன் பெயர் மாறவில்லை.

இப்படிப்பட்ட சங்கங்களின் பணம் எங்கிருந்து வருகிறது? உறுப்பினர் சந்தா, மாநாட்டுக் கட்டணம், இதழ்கள், நன்கொடை. அதில் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்குச் செலவிடுவது சங்கத்துக்கே லாபம். இன்று மாணவர் உறுப்பினராக வருபவர்தான் நாளைக்கு முழுச் சந்தா கட்டப்போகிறவர். தர்மம் என்று நினைத்துக் கூச்சப்படவும் வேண்டாம், உரிமை என்று நினைத்து அதட்டவும் வேண்டாம்.

இதில் மாணவர்களுக்கு நேராகப் பொருந்துவது ‘எபிக்ஸ் இன் ஐ.இ.இ.இ.’ என்ற திட்டம். இதன் வேர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே எட்வர்டு காயில், லேயா ஜேமிசன் என்ற இரு பேராசிரியர்கள் 1995-ல் ஒரு பாடத்தைத் தொடங்கினார்கள். பொறியியல் மாணவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும், அங்கே இருக்கும் ஒரு நிஜமான தொல்லைக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. யோசனை பிடித்துக்கொண்டது. 2005-ல் அமெரிக்கப் பொறியியல் அகாடமியின் கார்டன் பரிசு அவர்கள் இருவருக்கும் அவர்களோடு பணியாற்றிய வில்லியம் ஓக்ஸுக்கும் கிடைத்தது. ஜேமிசன் 2007-ல் ஐ.இ.இ.இ.க்கே தலைவரானார். 2009-ல் சங்கம் இந்த யோசனையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. உலகின் எந்த மூலையில் இருக்கும் மாணவர் குழுவும் விண்ணப்பிக்கலாம். தொகை 500 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை. நம் கணக்கில் நாற்பதாயிரத்திலிருந்து எட்டு லட்சத்துக்கு மேல்.

எட்டு லட்சம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். இந்தப் பணத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. புராஜெக்ட் சென்டரில் கேட்கும் கேள்வி ‘எந்த பேஸ் பேப்பர்?’ கல்லூரி ரிவ்யூவில் கேட்கும் கேள்வி ‘எந்த அல்காரிதம்?’ இவர்கள் கேட்பது ‘யாருக்கு?’ நான்கு வருடப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

23சி வருகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்

ஒரு கற்பனை பேட்ச்சை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மூன்று பெண்கள், ஒரு பையன். கல்லூரிக்குப் பக்கத்தில் பார்வையற்றோர் பள்ளி ஒன்று. அங்கே மேல் வகுப்புப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வருகிற போகிறவர்களிடம் எல்லாம் ‘என்ன நம்பர் பஸ்ணா வருது?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியைப் பேருந்தை நோக்கிப் பிடித்தால், போர்டில் இருக்கும் எண்ணையும் ஊரையும் தமிழில் படித்துச் சொல்லும் செயலி செய்யலாம் என்று இவர்களுக்குத் தோன்றுகிறது.

தோன்றியதும் நம் ஆட்கள் செய்வது என்ன? மாதிரி எது, துல்லியம் எத்தனை சதவீதம் என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதுவார்கள். அந்தப் பள்ளியின் பெயரே நான்காம் பக்கத்தில்தான் வரும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு முதலில் வேண்டியது பள்ளியின் கடிதம். ‘இந்தப் பிரச்சினை எங்களுக்கு இருக்கிறது, இந்த மாணவர்கள் வந்து பேசினார்கள், எங்கள் பிள்ளைகள் சோதித்துப் பார்க்கத் தயார், முடிந்த பிறகு நாங்கள் வைத்துப் பயன்படுத்துவோம்’ என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு பக்கம். அந்தக் கடிதம் வாங்க நாலு தடவையாவது பள்ளிக்கு நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போதுதான் சில விஷயங்கள் புரியும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கையில் வெண்கோல், இன்னொரு கையில் பை. கைப்பேசியை எந்தக் கையால் உயர்த்திப் பிடிப்பது? காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வண்டி வரும் சத்தம் எப்படிக் கேட்கும்? இந்தக் கேள்விகள் எந்த பேஸ் பேப்பரிலும் இல்லை. வகுப்பறையில் உட்கார்ந்து ‘செயலி’ என்று முடிவு செய்தது, இரண்டாவது தடவை போய் வந்ததும் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியாக மாறிவிடலாம். அப்படி மாறினால் புராஜெக்ட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ‘இதை ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா?’ என்ற கேள்வி. செய்திருக்கிறார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் ‘ஆன்போர்டு’ என்ற பெயரில் பார்வையற்றவர்கள் பேருந்தை அடையாளம் காண ஒரு கருவி உருவானது. அதைப் பற்றித் தெரியாதது போல எழுதினால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். ‘தெரியும். அதற்குப் பேருந்திலும் ஒரு கருவி பொருத்த வேண்டும். எங்களுடையது போர்டைப் படிப்பதால் பேருந்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் இருட்டிய பிறகு எங்களுடையது தடுமாறும்’ என்று எழுதினால் படிப்பவர் நிமிர்வார். தன் குறையைத் தானே சொல்லும் விண்ணப்பத்தின் மீது நம்பிக்கை வரும். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். பரீட்சைப் பேப்பரில் தெரியாததை மறைத்தே பழகிவிட்டார்கள்.

தமிழில் பேசவைப்பது பெரிய செலவில்லை. பார்வையற்றவர்கள் கணினியில் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. இலவச மென்பொருள், தமிழையும் வாசிக்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான மாதிரிகளைத் திறந்தே வைத்திருக்கிறது. அப்படியானால் பணம் எதற்கு? இங்கேதான் பட்ஜெட். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் நான்கு. மாணவர்களின் விலை உயர்ந்த கைப்பேசியில் ஓடுவது அந்தப் பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடாது. ஒரு ராஸ்பெர்ரி பை, கேமரா, பேட்டரி, அதற்கொரு பெட்டி. ஆயிரக்கணக்கான பேருந்துப் போர்டுப் படங்களில் எண்ணைக் குறித்துக் கொடுப்பவர்களுக்குக் கூலி. மாதிரியைப் பயிற்றுவிக்கச் சில நாட்களுக்கு ஜி.பி.யு. வாடகை. சோதனைக்கு வரும் பிள்ளைகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் போக்குவரத்து, டிபன். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும். பத்தாயிரம் டாலர் வரை தருகிறார்களே என்று பத்தாயிரமும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று வரிக்கு வரி விளக்க முடிந்த ஆயிரத்து இருநூறு டாலர், விளக்க முடியாத பத்தாயிரத்தைவிட எளிதில் கிடைக்கும். லேப்டாப் ஒன்றைப் பட்டியலில் நைசாகச் செருகும் பழக்கமும் உண்டு. படிப்பவர்களும் ஒரு காலத்தில் மாணவர்களாக இருந்தவர்கள்தான்!

விருந்து மேசையின் கடைசி நாற்காலி

கணினிக்கு மட்டுமேயான பழைய சங்கம் ஏ.சி.எம். 1947-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணினி உலகின் நோபல் என்று சொல்லப்படும் டியூரிங் விருதைக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். 1994-ல் அந்த விருதை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்றவர்.

ஏ.சி.எம்.மின் மாணவர் பணம் வேறு ஜாதி. சாமான் வாங்கித் தருவதைவிட, செய்து முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அவர்களின் மாணவர் ஆராய்ச்சிப் போட்டியில் பங்கேற்க ஏ.சி.எம். மாணவர் உறுப்பினராக இருக்க வேண்டும். முதலில் சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் மாநாட்டுக்குப் போய்ப் போஸ்டர் முன்னால் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்க வேண்டும். அதிலும் தேறினால் மேடை. பரிசு 500, 300, 200 டாலர். தொகை சின்னதுதான். ஆனால் இறுதிச் சுற்றில் வென்றவர்களை வருடாந்திர விருது விருந்துக்கு அழைக்கிறார்கள். பத்து லட்சம் டாலர் டியூரிங் விருதை வாங்குபவர் உட்காரும் அதே கூடத்தில் இந்த மாணவரும் தன் கைடோடு உட்காரலாம். சாப்பாட்டுக்கு நடுவே யார் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசினோம் என்பதன் மதிப்பை டாலரில் எப்படிச் சொல்வது?

பெண்களுக்கு ஏ.சி.எம்.-டபிள்யூ உதவித்தொகை தனி. ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போய்வர, கண்டத்துக்குள் என்றால் 600 டாலர் வரை, கண்டம் தாண்டினால் 1,200 டாலர் வரை. கட்டுரை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. போய்ப் பார்த்து, கேட்டு வந்தாலே போதும். ‘நான் இன்னும் எதுவும் சாதிக்கலையே’ என்று தயங்கும் மாணவிக்காகவே அந்த விதியை எழுதியது போலிருக்கிறது. கட்டுரை தேர்வாகி வெளிநாடு போக டிக்கெட்டுக்கு வழியில்லாமல் தவிப்பவர்களுக்கு, ஏ.சி.எம். இந்தியாவும் கணினி ஆராய்ச்சிக்கான இந்தியச் சங்கமான ஐ.ஏ.ஆர்.சி.எஸ்.ஸும் சேர்ந்து பயண உதவி தருகின்றன.

உள்ளூர்ச் சங்கங்களும் இருக்கின்றன. இந்தியக் கணினிச் சங்கமான சி.எஸ்.ஐ. 1965-ல் பிறந்தது. முதல் தலைவர் ஆர்.நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டியில் படித்தவர். 1960-ல் இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். சங்கத்தின் கல்வி இயக்ககம் தரமணியில்தான் இருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-ல் பதிவானதோ சென்னையில். மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி தரும் திட்டம் அவர்களிடமும் உண்டு. சங்கம் என்ற வரையறைக்குள் வராவிட்டாலும், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தை விட்டுவிட முடியாது. ஒரு புராஜெக்ட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் என்ற அளவில் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். சென்சாரும் போர்டும் வாங்க அது போதும். முதல் விண்ணப்பத்தை இங்கே எழுதிப் பழகிவிட்டு அடுத்ததை டாலருக்கு எழுதுவது நல்ல வரிசை என்பேன்.

ஏன் வந்து சேர்வதில்லை?

பணம் இருக்கிறது, கேட்க வழி இருக்கிறது. பிறகு ஏன் நம் பேட்ச்சுகள் மாடிப்படி ஏறுகின்றன? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முதல் வில்லன் காலண்டர். பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் புராஜெக்ட் எட்டாம் பருவத்தில், ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள். டைட்டில் முடிவாவதே பொங்கலுக்குப் பிறகு. சங்கத்தின் விண்ணப்பமோ படிக்க, கேள்வி கேட்க, பதில் வாங்க, பணம் அனுப்ப என்று மாதக்கணக்கில் போகும். ஜனவரியில் கேட்ட பணம், மாணவர் பட்டம் வாங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு வந்து நிற்கும். மூன்றாம் ஆண்டு முடியும்போதே கேட்பவர்களுக்குத்தான் இது பயன்படும். பேட்ச்சில் ஒரு ஜூனியரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. சீனியர்கள் போன பிறகு அந்தப் பள்ளியில் கருவி பழுதானால் போய்ப் பார்க்க ஆள் வேண்டாமா?

இரண்டாவது, வாசல். இந்த விண்ணப்பங்களில் பல, கல்லூரியில் இருக்கும் மாணவர் கிளை வழியாகத்தான் நகரும். கிளைக்கு ‘கவுன்சிலர்’ என்று ஒரு பேராசிரியர் இருப்பார். பல கல்லூரிகளில் அந்தக் கிளை வருடத்துக்கு ஒரு சிம்போசியம், ஒரு குத்துவிளக்கு, ஒரு பொன்னாடை என்பதோடு படுத்துவிடுகிறது. அங்கீகாரக் குழு வரும்போது காட்ட ஒரு ஃபோட்டோ. உறுப்பினர் கட்டணத்தைக் கட்டிய மாணவருக்குக் கிடைத்தது ஓர் அடையாள அட்டை. கவுன்சிலர் யாரென்று கேட்டால் அலுவலக வாசலில் இருக்கும் பழைய நோட்டீஸ் போர்டைக் காட்டுகிறார்கள். அதில் பெயர் இருக்கிறவர் வேறு கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

மூன்றாவது, யார் கணக்கில் பணம் விழுவது? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை ஓர் அறக்கட்டளையோ கல்லூரியோ வாங்க வேண்டுமானால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட நன்கொடை முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர முடியும். அந்தப் பள்ளியின் கணக்குக்கோ கல்லூரியின் கணக்குக்கோ அனுப்பச் சொல்லி எழுதிவிட்டுப் பிறகு முழிப்பதைவிட, சங்கத்தின் உள்ளூர் செக்‌ஷன் வழியாக வாங்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுவது உத்தமம். அந்த ஒரு மின்னஞ்சலுக்கு வரும் பதிலை வைத்தே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். கல்லூரி வழியாகத்தான் என்றால், கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு டீ சாப்பிடுங்கள். ஹெச்.ஓ.டி.யின் கையெழுத்தைவிட அவருடைய ஒத்துழைப்புதான் பிற்பாடு வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் கேட்டால், ஆளுக்கு நாலாயிரம் போட்டு டைட்டில் லிஸ்ட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனமாகவே தெரியும். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் பிள்ளையை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இந்த நிலை மாறாமல் இருந்தால், அடுத்த வருடமும் அந்தப் பார்வையற்ற பையன் நிறுத்தத்தில் நின்று ‘என்ன நம்பர்ணா?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் பள்ளிக்கு எதிர்க் கல்லூரியில் ‘பேருந்து எண் கண்டறிதல்’ என்ற தலைப்பில் ஆறு பேட்ச் அவுட்ஸ்டாண்டிங் வாங்கியிருக்கும்.

கிடைத்தவர்களுக்கு ஒரு கடைசிச் சங்கடம் காத்திருக்கிறது. பணம் வந்ததும் வேலை முடிவதில்லை. எதற்குச் செலவானது என்று கணக்கு எழுத வேண்டும், பள்ளியில் கருவி ஓடுகிற படம் வேண்டும், மீதிப் பணத்துக்குப் பதில் வேண்டும். எல்லாவற்றுக்கும் ரசீது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராஸ்பெர்ரி பையும் கேமராவும் பேரம் பேசி வாங்கி முடித்ததும் கடைக்காரர் பழக்க தோஷத்தில் கேட்பார்:

“பில்லு போடணுமா தம்பி? போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்துடும்.”

“போடுங்கண்ணா. காலேஜ் பேர்லயே போடுங்க.”

பதினெட்டு சதவீதம் கூடுதல். பட்ஜெட்டில் அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தால் பேட்ச் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.